பதினாலாம் நம்பர் வீட்டுக்கு ஆறு குடம்

9, சகாய மாதா தெரு,
காட்டூர், திருச்சி.
20-2-1983, ஞாயிறு

அன்புள்ள பேட்ரிசியா,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். பிலாயில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். கொடுத்து வைத்தவள். இங்கே மாசி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் பாலத்திலிருந்து பார்க்கிறேன், காவிரி முழுக்க மணல். நடு ஆற்றில் ஊற்றுத் தோண்டி, பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள்.

நம் தெருக் குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தால் ஆறேகாலுக்கு நின்றுவிடுகிறது. இருபத்திரண்டு வீடு. முதலில் குடம் வைத்தவர்கள் ஐந்தும் ஆறும் பிடித்துக்கொண்டு போய் வாசல் தெளிக்கிறார்கள், சைக்கிள் கழுவுகிறார்கள். கடைசி வீட்டுச் செல்வமேரி, கைக்குழந்தைக்காரி, அரைக் குடத்தோடு திரும்புகிறாள். பங்குச் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "இளைஞர் சங்கச் செயலாளர்னு பேரு வச்சிக்கிட்டு என்னய்யா பண்றீங்க?"

சுவரொட்டி எழுதி ஒட்டினேன். 'தண்ணீர் கடவுளின் கொடை, அதை வீணாக்குவது பாவம்.' இன்று பூசை முடிந்ததும் பத்து நிமிஷம் பேசினேன். தவக்காலத்தில் சோற்றைக் குறைப்பது போலத் தண்ணீரையும் குறைக்கலாமே என்றேன். எல்லாரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள். நாளைக் காலையில் அதே ஆறு குடம்தான், பார். நேற்றுகூட ஒருவர் என் சுவரொட்டியின் மேலேயே குடத்தைச் சாய்த்து வைத்திருந்தார். பி.எட். பரீட்சையில் 'மனிதனை ஊக்குவிப்பது எப்படி' என்ற எட்டு மார்க் கேள்விக்கு ஏழரை வாங்கியவன் நான். என்ன பிரயோசனம்!

மாமாவைப் பார்க்க உன் வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டார். "தூங்குறாருப்பா. நல்லா இருக்காரு, தடி ஊணிக்கிட்டு கொல்லை வரைக்கும் நடக்குறாரு" என்றார். பக்கவாதம் வந்து ஒன்பது மாதத்தில் இந்த அளவு தேறியது பெரிய விஷயம். மாதத் தலைவெள்ளிக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோன சாமியாரும் சொன்னார், வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாராம்.

ஈஸ்டர் கழிந்ததும் நம் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்கச் சொல்லலாம் என்று அப்பா சொல்கிறார். மே மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அமிர்தராஜ்

---

பிலாய்
27-2-1983

அன்புள்ள வாத்தியாருக்கு,

தோத்திரம். டியூட்டி ரூமில் உட்கார்ந்து படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாவம் என்று எழுதி ஒட்டினால் நம் தெருவில் யார் பயப்படுவார்கள்? பாவத்துக்குத்தான் சனிக்கிழமை சாயந்திரம் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே. சாமியாரிடம் சொல்லிவிட்டால் சரியாய்ப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

எங்கள் மேட்ரன் கதையைக் கேளுங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள் என்று ஒரு வருஷம் கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். 'இன்று குழாயை மூடாமல் போனவர்' என்று எழுதி, கீழே பெயர். அவ்வளவுதான். முதல் நாள் என் பெயர்! வெட்கத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டே நாளில் வார்டில் ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை.

நீங்களும் சுவரொட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெயரை எழுதுங்கள். யார் எத்தனை குடம் என்று ஊர் பார்க்கட்டும். ஏழரை மார்க் வாத்தியாருக்கு நர்ஸ் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. அப்பாவை உள்ளே போய் நேரில் பாருங்கள். அம்மா எழுதும் கடிதமெல்லாம் 'யாவரும் நலம்' என்று ஆரம்பித்து 'யாவரும் நலம்' என்றே முடிகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன்.

உங்கள்,
பேட்ரிசியா

---

காட்டூர்
13-3-1983

அன்புள்ள பேட்ரிசியா,

நீ நர்ஸ் இல்லை, மந்திரவாதி.

கோயிலில் பாட்டு நம்பர் மாட்டும் போர்டு ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வரிசை, தகரத்தில் எழுதிய எண்களைச் செருகுவது. புது போர்டு வந்த பிறகு பழையது பூசை உடுப்பு வைக்கும் சக்ரீஸ்து அறைப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்துக் குழாயடி வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டினேன். இடப்பக்கம் வீட்டு நம்பர், வலப்பக்கம் குடம். வீட்டுக்கு இரண்டு குடம் என்று கணக்கு. அதற்கு மேல் அதிகமாகப் பிடித்த மூன்று வீடுகள் அன்று முழுக்கப் போர்டில் இருக்கும். ஏசுவதில்லை, சண்டை இல்லை. நம்பர் மட்டும்.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். முதல் வரிசையில் யார் தெரியுமா? 14 – 6. சாட்சாத் உன் வீடுதான்! அத்தை விடியுமுன்பே குடங்களை வரிசையாக வைத்துவிடுகிறார். "வீட்டுல ரெண்டே பேரு, ஆறு குடம் எதுக்குக்கா?" என்று செல்வமேரி கேட்டாளாம். வீடு கழுவ என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கை கூசத்தான் செய்தது. ஆனால் மாமியார் வீட்டை விட்டுவிட்டால் நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? தகரத்தைச் செருகிவிட்டேன். செவ்வாயும் 14 – 6. புதன் நாலு. வியாழன் இரண்டு! அதற்குப் பிறகு உன் வீடு போர்டுக்கே வரவில்லை. மற்ற வீடுகளும் பயந்துவிட்டன. நேற்று செல்வமேரிக்கு இரண்டு குடமும் நிறைந்தது, அப்படியும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சாமியார் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

மாமாவைப் பார்க்க இரண்டு தடவை போனேன். ஒரு தடவை தூக்கம், ஒரு தடவை குளிக்கிறார் என்றார் அத்தை.

அன்புடன்,
அமிர்தராஜ்

---

பிலாய்
20-3-1983

அன்புள்ள வாத்தியாருக்கு,

அம்மாவுக்கு நல்லா வேணும்! வாசலைக் கழுவிக் கழுவியே தெருவைத் தேய்த்தவள் அவள். போர்டில் நம்பரைப் பார்த்ததும் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நீங்கள் செய்தது சரி. விட்டிருந்தால்தான் கோபித்திருப்பேன்.

ஆறு குடத்துக்கு எனக்குக் காரணம் தெரியும். எல்லாம் அப்பாதான். பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, அரை மணி நேரம் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ரிட்டயர் ஆன பிறகும் இரண்டு வேளைக் குளியல் நிற்கவில்லை. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இந்தத் தவக்காலத்துக்கு ஒரு வேளைக் குளியலை ஒறுத்தலாக ஒப்புக்கொடுக்கட்டும். மகள் பேச்சைத் தட்ட மாட்டார்.

லீவு கிடைத்துவிட்டது. மே 8 முதல் ஒரு மாதம். புடவை என்ன நிறம் என்று உங்கள் தங்கையிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
பேட்ரிசியா

---

காட்டூர்
30-3-1983

அன்புள்ள பேட்ரிசியா,

நாளை பெரிய வியாழன். கோயில் வேலை தலைக்கு மேல் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து போர்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களும் ஒன்று செய்யப்போகிறார்களாம்.

உன் செய்தியை அத்தையிடம் சொன்னேன். ஒரு வேளைக் குளியலை ஒறுத்தலாக விடச் சொன்னாள் என்றதும் வாசல் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். பிறகு, "சரி தம்பி, சொல்றேன்" என்றார். நான் திரும்பியபோது ஒன்று கேட்டார். "அந்த நம்பரை ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றவங்கல்லாம் பாப்பாங்களா தம்பி?" ஆமாம் அத்தை என்றேன். இப்போது ஒன்றரைக் குடத்தோடு போய்விடுகிறார். மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

வீட்டில் எந்நேரமும் சாம்பிராணிப் புகை. தவக்காலத்துக்கு அத்தைக்குப் பக்தி கூடிவிட்டது.

புடவை மாந்தளிர் நிறமாம்.

அன்புடன்,
அமிர்தராஜ்

---

தந்தி
6-4-1983

பேட்ரிசியா, பிலாய். அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். நினைவு தப்புகிறது. உடனே புறப்படு. — அமிர்தராஜ்

---

14, சகாய மாதா தெரு,
காட்டூர்.
19-4-1983

திரு. அமிர்தராஜ் அவர்களுக்கு,

ஐந்து வீடு தள்ளியிருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். நேரில் பேசினால் கத்திவிடுவேன். அம்மா தூங்குகிறாள், எட்டு நாளாக இன்றுதான் தூங்குகிறாள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீங்கள் பந்தல் போட்டீர்கள், நாற்காலி தூக்கினீர்கள், ஓடி ஓடி எல்லாம் செய்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. இப்போதாவது தெரியட்டும்.

அக்டோபரில் அப்பாவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்திருக்கிறது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை, எனக்கும் எழுதவில்லை. தடியும் இல்லை, நடையும் இல்லை. ஆறு மாதம் படுக்கைதான், எல்லாம் படுக்கையிலேயேதான். குழறிக் குழறி அப்பா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வெளியே தெரியக்கூடாது. காட்டூரிலேயே சுத்தமான மனுஷன் என்று பெயர் வாங்கினவர் அவர். தலைவெள்ளிக்குச் சாமியார் வரும்போது அம்மா அவரைத் துடைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வைத்து நாற்காலியில் கட்டி உட்காரவைத்திருக்கிறாள். ராஜா மாதிரி என்று எழுதினீர்களே, அப்படித்தான்.

நாளைக்கு நாலு தடவை கழுவியிருக்கிறாள். துணி மாற்றி, அந்தத் துணிகளைத் துவைத்து, கொல்லையில் யாரும் பார்க்காத மூலையில் உலர்த்தியிருக்கிறாள். அதுதான் ஆறு குடம். மார்ச் வரைக்கும் அப்பா உடம்பில் ஒரு புண் இல்லை. நான் நர்ஸ், சொல்கிறேன், என் வார்டில் பத்து பேர் சேர்ந்து செய்ய முடியாததை என் அம்மா ஒருத்தியாகச் செய்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் போர்டு மாட்டினீர்கள்.

"காரணம் சொல்லியிருக்கலாமே அம்மா" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கு ஆறுன்னு தெருவே பாத்துச்சுடி. காரணம் சொல்லணும்னா உங்கப்பாவைச் சொல்லணும். அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றாள். எட்டத்துக் கிணற்றுக்குப் போகலாம் என்றால் அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. அரிசி கழுவின தண்ணீரால் கழுவினாள். தன் குடிதண்ணீரைப் பாதியாக்கினாள். துவைக்கத் தண்ணீர் இல்லாமல் தன் புடவைகளைக் கிழித்துக் கிழித்து அவருக்கு விரித்து, அழுக்கானதும் கொல்லையில் புதைத்தாள். நாலு தடவை இரண்டானது, ஒன்றானது. நாற்றம் தெரு வரைக்கும் வராமல் சாம்பிராணி போட்டாள். நீங்கள் பக்தி என்று எழுதினீர்கள்.

வந்த அன்று அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். எலும்பு தெரிந்தது. நான் துடைக்கத் துடைக்க அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பூசையில் கோயில் போர்டைப் பார்த்தேன். மூன்று வரிசையில் மூன்று எண்கள். பாட்டு நம்பர்தான். பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

நம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

பேட்ரிசியா

---

9, சகாய மாதா தெரு
20-4-1983

பேட்ரிசியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மாமாவின் காலடியில் விழுந்து கிடக்க வேண்டியவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் போர்டு யார் யோசனை? பெயரை எழுது, ஊர் பார்க்கட்டும் என்று எழுதியது யார்? அம்மாவுக்கு நல்லா வேணும் என்று சிரித்தது யார்? ஒரு வேளைக் குளியலை விடச் சொல்லி அனுப்பியது யார்? நான் வாசலில் நின்று அதைச் சொன்னேன், உன் அம்மா கேட்டுக்கொண்டார். நான் வாத்தியார். நீ நர்ஸ். படுத்த நோயாளிக்கு எத்தனை குடம் தேவை என்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அமிர்தராஜ்

---

காட்டூர்
15-6-1983

அன்புள்ள பேட்ரிசியா,

நீ சொல்லாமல் ரயிலேறிப் போய் ஏழு வாரம் ஆகிறது. என் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் சந்தோஷப்படுவேன். கோபத்தில், வலியில், கையில் கிடைத்ததை எடுத்து உன் மேல் வீசினேன். என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் அத்தையைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போர்டைக் கழற்றி உடைத்து அடுப்பில் வைத்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததைக் கேள். மூன்றே நாள். அதற்குள் பழைய மாதிரி ஆறு குடம், ஏழு குடம். போர்டு இருந்த மாதத்துக்கும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி பிடித்தார்கள். செல்வமேரிக்கு மறுபடி அரைக் குடம். தெருவே திருந்திவிட்டது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேனே, எவரும் திருந்தவில்லை. தகரத்துக்குப் பயந்திருந்தார்கள். நிஜமாகவே மாறினது ஒரே ஒரு ஆள், மாறவே கூடாத ஆள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது, பேட்ரிசியா. அத்தை வீட்டுக் கதவு ஐந்து வீடு தள்ளித்தான். நாலு தடவை வாசல் வரைக்கும் போனவன். எதற்கு அத்தை ஆறு குடம் என்று ஒரு தடவை, தனியாக, தாழ்ந்த குரலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவே இல்லை. மரத்தில் எழுதி மாட்டினேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரத்திலிருந்து சாயந்திரம் வீடு வீடாகப் போகிறேன். எத்தனை குடம் வேண்டும், எதற்கு வேண்டும். மற்றவர்கள் முன்னால் இல்லை, உள்ளே உட்கார்ந்து. யாரிடமும் திருப்பிச் சொல்வதில்லை. ஏழாம் நம்பரில் கல்யாணம் நின்றுபோன பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஒரு வியாதி. பதினெட்டாம் நம்பரில் ஒரு பெரியவர், மாமா மாதிரியேதான். இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். "போர்டு எங்கே தம்பி, புதுசா செஞ்சாச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். வாங்கிக்கொண்டேன். இப்போது இந்த வீட்டுக்கு முதலில் விடுங்கள் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்காமல் விடுகிறார்கள். எல்லாரும் இல்லை. பாதிப் பேர்.

மாமா விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. துணி புதைத்த இடத்தை நாய் கிளறியிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் பதினாலாம் நம்பர் வாசற்படியில் யாராவது ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் என்று தெரியாது. அத்தை அதைத் தொடுவதில்லை. "இப்ப எதுக்கு?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். சாயந்திரம் நான்தான் அந்தக் குடத்தை எடுத்துச் செல்வமேரி வீட்டில் கொடுக்கிறேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

அமிர்தராஜ்

---

பிலாய்
10-7-1983

அன்புள்ள அமிர்தராஜ்,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன், ஏப்ரல் இருபதாம் தேதிக் கடிதத்தையும். அதில் எழுதியிருப்பது எல்லாம் நிஜம். அதனால்தான் சொல்லாமல் ரயிலேறினேன்.

என் வார்டில் பதினெட்டுப் படுக்கை. தினமும் யாருடைய அப்பாவையோ திருப்பிப் படுக்கவைத்துத் துடைக்கிறேன். ஹிந்தியில் ஏதேதோ சொல்லி ஆசீர்வதிக்கிறார்கள். குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் 'ஒரு வேளைக் குளியலை ஒப்புக்கொடுக்கட்டும்' என்று நான் எழுதினது ஞாபகம் வருகிறது. விளையாட்டாக எழுதினேன். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம். அப்பா தலையாட்டினாராம். மகள் பேச்சைத் தட்டவில்லை.

மேட்ரன் தாளில் என் பெயர் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். ஒரு நாள் வெட்கம் எனக்கே அப்படி இருந்ததென்றால், அம்மாவுக்கு என்ன செய்யும் என்று அப்போது தோன்றவில்லை. நான் குழாயை மூட மறந்தவள். அவள் எதையும் மறக்காதவள். இரண்டு பேருக்கும் ஒரே தாளை ஒட்டச் சொன்னேன். போன வாரம் மேட்ரனிடம் போய், அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்று அழுதேன். பைத்தியமா உனக்கு என்றாள்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு மாதம்தான் தெரியும், உங்களுக்கும் என்னைப் பார்த்தால் அதுதான் தெரியும். நாம் ஒரு வீட்டில் இருந்தால் தினமும் காலையில் குடம் எடுக்க வேண்டியிருக்கும். என்னால் முடியாது. மாந்தளிர்ப் புடவை வாங்கியிருந்தால் உங்கள் தங்கைக்குக் கொடுங்கள்.

அம்மாவை இங்கே வரச் சொன்னேன். வரமாட்டாளாம். கல்லறையை யார் பார்ப்பது என்கிறாள். எனக்கு அவள் எழுதும் கடிதத்தில் இப்போதும் 'யாவரும் நலம்'தான். நீங்கள் எழுதாவிட்டால் எனக்கு அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது. அவளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நம்மைப் பற்றி வேண்டாம்.

பேட்ரிசியா

---

காட்டூர்
3-11-1983

அன்புள்ள பேட்ரிசியா,

நீ கேட்டபடி அத்தையைப் பற்றி மட்டும்.

மழை பிடித்துக்கொண்டது. காவிரியில் தண்ணீர் போகிறது. தெருக் குழாயில் இரண்டு மணி நேரம் வருகிறது. பழைய சண்டை எல்லாருக்கும் மறந்துவிட்டது. அத்தை மட்டும் இன்னும் ஒரே ஒரு குடம்தான். மழைக் காலத்திலும் ஒரு குடம். "போதும் தம்பி" என்று போய்விடுவார்.

நேற்று கல்லறைத் திருநாள். விடியற்காலையில் நான் குழாயடிக்குப் போனபோது, வரிசையில் முதலில் ஆறு குடம். பக்கத்தில் அத்தை, வெள்ளைப் புடவையில். எல்லாரும் பார்த்தார்கள். செல்வமேரி தன் குடத்தை எடுத்துப் பின்னால் வைத்தாள். அடுத்தவர்களும் நகர்த்திக்கொண்டார்கள். தண்ணீர் வந்தது. ஆறும் நிறையும் வரைக்கும் யாரும் தங்கள் குடத்தை முன்னால் நகர்த்தவில்லை.

அத்தை என்னைப் பார்த்து, "அமிர்தம், கூட வர்றியா?" என்றார். ஏப்ரலுக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து ஐந்து குடத்தை ஏற்றினேன். ஆறாவதை அவர் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. கல்லறை வரைக்கும் சுமந்தே வந்தார்.

அங்கே நல்ல கூட்டம். எல்லாரும் ஒரு வாளித் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தார். கையில் நார் இல்லை, துணி இல்லை, வெறும் உள்ளங்கை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தடவித் தடவிக் கழுவினார். பூச்சு பெயர்ந்த ஓர் இடத்தில் கை தயங்கியது. அங்கே மட்டும் மெதுவாக, தேய்க்காமல், தண்ணீரை மட்டும் ஓடவிட்டார். "வலிக்குதுங்களா?" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. குடத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

நாலு தடவை கழுவினார், பேட்ரிசியா. ஒரு தடவை முடிந்ததும் முந்தானையால் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி. பூசைக்கு மணி அடித்தது, கூட்டம் கோயில் பக்கம் போனது, அவர் எழுந்திருக்கவில்லை. நான் அவருக்குத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். தெரிந்துதான் இருக்கும்.

கடைசிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆச்சுங்க, முடிஞ்சிருச்சு" என்று கல்லைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை குடம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆறு, அத்தை."

"ஆறும் ஊத்தியாச்சுன்னு அவளுக்கு எழுதிப் போடு. ஒரு வேளைகூட விடலேன்னு எழுது. அங்க கெடந்து மருகிக்கிட்டிருப்பா."

ஆறும் ஊற்றியாயிற்று, பேட்ரிசியா. ஒரு வேளைகூட விடவில்லை.

அமிர்தராஜ்